மகள் வாங்கிய மஞ்சள் வண்டி

என் மகளுக்கு நாற்பத்து நான்கு வயது. தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இத்தனை வருஷமும் மந்தைவெளி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறித்தான் போய் வந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நானும் அவளுமாக, சாந்தோம் பக்கம் ஒரு சந்தில், இரண்டாம் மாடி வீட்டில் இருக்கிறோம். அவளுக்கு லைசென்ஸ் தபாலில் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கார் வாங்கிவிட்டாள். சாதாரணக் கார் இல்லை. கொட்டிவாக்கத்தில் யாரோ வெளிநாட்டுக்குக் குடி போகிறவர்கள் விற்ற, பந்தயத்தில் ஓடுகிற ஜாதிக் கார்.

அதை அவளால் வீட்டுக்கு ஓட்டி வர முடியவில்லை. அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்தான் ஓட்டி வந்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வண்டி சந்துக்குள் நுழைந்தபோது சமையலறை ஜன்னலில் இருந்த எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நான் தண்ணீர் லாரி என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். பங்கனப்பள்ளி மாம்பழ நிறத்தில், இரண்டே கதவோடு, தரையோடு தரையாக ஒரு வண்டி நின்றது.

மாஸ்டர் சாவி கொடுக்க மாடிக்கு வந்தார். மகள் கீழேயே வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னார்.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இது ரொம்ப கோவக்கார வண்டி. கால லேசா வெச்சாலே பாயும். மேடம் நல்லாத்தான் ஓட்றாங்க, ஆனா என் வண்டியில எனக்கும் ஒரு பிரேக் இருக்கு. அவங்க மறந்தா நான் புடிச்சிப்பேன். இதுல அது கிடையாது. ஒரு ஆறு மாசம் சின்ன வண்டில கைய பழக்கச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேன்றாங்க. நீங்க பெத்தவங்க, நீங்க சொல்லுங்க.”

தலையை ஆட்டினேன். அவர் போய்விட்டார். நான் சொல்லவில்லை.

எனக்கு யாரிடமும் எதையும் சொல்ல வராது. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். அதற்குப் பிறகு ஒரு கன்னியர் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் ஆயாவாக இருந்தேன். டீச்சர்கள் அறையில் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வாசலில் போய் நிற்பேன். அவர்களில் யாராவது நிமிர்ந்து பார்த்து “என்ன ஆயாம்மா” என்று கேட்கும் வரைக்கும் நிற்பேன். யாரும் பார்க்கவில்லையென்றால் திரும்பி வந்துவிடுவேன். என் மகள் அதே பள்ளியில் படித்தவள். ஒருநாள் நான் அப்படி நிற்பதைப் பார்த்துவிட்டு, வகுப்பிலிருந்து எழுந்து வந்து, கதவைத் தட்டி, “எங்கம்மா நிக்கிறாங்க மிஸ்” என்று சொன்னாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. அதிலிருந்து வீட்டில் பேச வேண்டியதெல்லாம் அவள்தான் பேசினாள். பாங்கில், ஆஸ்பத்திரியில், அவள் அப்பா செத்தபோது கல்லறைத் தோட்டத்து ஆபீசில், எல்லா இடத்திலும்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது, “சின்ன வண்டியா வாங்கியிருக்கலாமோ” என்று மட்டும் கேட்டேன். அதைக் கேட்பதற்குள் இரண்டு தடவை சமையலறைக்குப் போய் வந்தேன்.

“சின்ன வண்டி வாங்கினா ரோட்ல போறவன்லாம் ஹாரன் அடிச்சே கொன்னுடுவான்மா. இது வந்தா வழி விடுவான்.” பிறகு ரசத்தை ஊற்றிக்கொண்டு, “ஃபிரிட்ஜ் வாங்கினேன், வீடு வாங்கினேன், அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணேன். எனக்குன்னு நான் ஆசைப்பட்டு வாங்கினது இது ஒண்ணுதான்” என்றாள்.

நான் ஒரு அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

ஆனால் பயம் எங்கேயும் போகவில்லை. படுத்தால் அந்த வண்டி உறுமுவது காதில் கேட்டது. சந்தில் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் சைக்கிளில் குறுக்கே வருவார்கள். கேட்டை ஒட்டி இஸ்திரிக்காரர் தள்ளுவண்டி போட்டிருக்கிறார். சாந்தோம் ரோட்டில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் காவி கட்டிக்கொண்டு போகும். ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்தேன். அவர்களுக்கு முன்னால் என் மகளின் கால். இடது பக்கம் உட்கார்ந்து பிரேக் பிடிக்க மாஸ்டர் இல்லாத கால்.

எங்கள் வழக்கப்படி புது வண்டியைக் கோயிலில் மந்திரிக்காமல் ரோட்டில் ஓட்டக் கூடாது. கோயில் என்றால் எங்கள் பங்குக் கோயில். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் சாமியார் வந்து வண்டிக்குத் தீர்த்தம் தெளிப்பார். கீழ்வீட்டு அம்மா எலுமிச்சம்பழம் நாலு கொடுத்து, “சக்கரத்துக்கு அடியில வெச்சு நசுக்கச் சொல்லுங்கோ, எந்த சாமியா இருந்தா என்ன” என்றார். வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் ஊறுகாய் போட்டுவிட்டேன்.

ஞாயிறு விடியற்காலை அவள்தான் ஓட்டினாள். மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த வண்டியில் உட்காருவது மணையில் உட்காருகிற மாதிரி, முழங்கால் மார்புக்கு வந்துவிடும். கியர் இருக்கும் இடத்தில் பி, ஆர், என், டி என்று இங்கிலீஷ் எழுத்துகள். எல்.கே.ஜி. வகுப்புச் சுவரில் நான் தினமும் தூசி தட்டிய எழுத்துகள்தான், இங்கே வரிசை மாறியிருந்தன. அவள் டி-யில் வைத்துக் காலை எடுத்ததும் வண்டி முன்னால் துள்ளியது. அவள் சட்டென்று நிறுத்தினாள். என் நெற்றி முன்னால் போய்த் திரும்பி வந்தது.

“ஒண்ணுமில்லம்மா. பழகிடும்.”

“சரி.”

“செபமாலைய அவ்ளோ இறுக்கிப் புடிக்காத, அறுந்துடும்.”

நான்கு தெருதான். ரோட்டில் ஒரு பால் வண்டியும் இரண்டு நாயும் தவிர யாருமில்லை. ஆனாலும் கோயில் வாசலில் இறங்கியபோது என் புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளுக்கும் மேலுதட்டில் வேர்வை நின்றது. அதை அவள் சீக்கிரம் துடைத்துக்கொண்டாள்.

பூசையில் என் மனம் ஒட்டவேயில்லை. மாஸ்டர் சொன்ன இன்னொரு பிரேக்தான் மண்டைக்குள் இருந்தது. கோயில் கடையில் மாதா உருவத்தில் பிளாஸ்டிக் பாட்டில் விற்பார்கள், கிரீடம்தான் மூடி. தீர்த்தம் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வோம். என்னிடம் ஒன்று இருந்தது, பையில் எடுத்து வந்திருந்தேன். கோயில் தொட்டியில் அதை வழிய வழிய நிரப்பினேன். வண்டியின் முன்பக்கத்தில் மாதா சுரூபம் வைக்கலாமா என்று முந்தின நாளே அவளைக் கேட்டிருந்தேன். “முன்னாடி எதுவும் வேணாம்மா, கண்ணாடில நிழல் விழும், எனக்கு ரோடு தெரியாது” என்று சொல்லிவிட்டாள். சரி, அவள் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் கால் மறந்தால் மாதா பிடித்துக்கொள்ளட்டும்.

சாமியார் வந்தார். சின்ன வயசுக்காரர், போன வருஷம்தான் எங்கள் பங்குக்கு வந்தவர். வண்டியைப் பார்த்து, “இதுக்கு ஒரு சொம்பு தீர்த்தம் பத்தாது போலிருக்கே” என்றார். மகள் சிரித்தாள். அவர் செபம் சொல்லி, நாலு பக்கமும் தெளித்து, கதவைத் திறக்கச் சொல்லி உள்ளேயும் தெளித்தார். பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டே வண்டியின் பின்பக்கம் போனார்கள். நான் குனிந்து, ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியில் பாட்டிலைச் செருகினேன். சீட்டு ரொம்பத் தாழ்வு. பாட்டில் முழுசாக உள்ளே போகவில்லை. கிரீடம் மட்டும் வெளியே தெரிந்தது. அழுத்தித் தள்ளினேன். அதற்குள் அவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்துவிட்டேன்.

திரும்பும்போது அவளுக்குத் தைரியம் வந்திருந்தது. பாட்டு போட்டாள். எங்கள் சந்துக்குள் திரும்பினோம். கேட்டுக்குப் பக்கத்தில் இஸ்திரிக்காரர் கரி மூட்டி, முதல் சட்டையை விரித்திருந்தார். அவள் வேகத்தைக் குறைக்கக் காலை மாற்றினாள். வண்டி நிற்கவில்லை. அவள் மறுபடி அழுத்தினாள். “ஏன்... ஏன்...” என்றாள். அதற்குப் பிறகு வண்டி ஒரு உறுமல் உறுமிப் பாய்ந்தது. இஸ்திரிக்காரர் சட்டையைக் கையில் பிடித்தபடியே பின்னால் எகிறிக் குதித்ததைப் பார்த்தேன். அப்புறம் மரம் உடைகிற சத்தம்.

வண்டி, தள்ளுவண்டியைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டு நின்றது. மஞ்சள் முகப்பின் மேல் நெருப்புக் கரி சிதறிக் கிடந்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். எழுந்திருக்கக் கையை ஊன்றிப் பக்கவாட்டில் சாய்ந்தபோது பார்த்தேன். பிரேக் மிதிக்குக் கீழே மாதா பாட்டில் மல்லாந்து மாட்டியிருந்தது. பாட்டிலின் இடுப்பு ஒடுங்கியிருந்தது. மூடி கழலவில்லை, தண்ணீரும் சிந்தவில்லை.

கை தானாகப் போனது. எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் எதையும் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

இஸ்திரிக்காரருக்குப் புறங்காலில் ஒரு கரி விழுந்து கொப்பளித்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. இரண்டு அடி முன்னால் நின்றிருந்தால் அவர் சுவரோடு போயிருப்பார். மகள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வுடுக்கா, வுடு. இன்னா, கால்ல வுயுந்துகினு. உயிரோட தான கீறேன்.” என்னைப் பார்த்து, “இன்னா ஆயாம்மா, பொண்ணு ராக்கெட்டு வாங்கிகினு வந்துகீது, ஒரு வார்த்த சொல்ல வாணாமா? நான் ஒத்தி நின்னுருப்பேன்ல” என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கையிலிருந்த சட்டை மட்டும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“கால் மாறிடிச்சு” என்றாள் மகள். “பிரேக்குனு நெனச்சு வேற எதையோ அழுத்திட்டேன்.” அதையே எல்லாரிடமும் சொன்னாள். கீழ்வீட்டு அம்மாவிடம் சொன்னாள், போனில் மாஸ்டரிடம் சொன்னாள். நான் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே இஸ்திரிக்காரருக்குப் புது வண்டி செய்யச் சொல்லிவிட்டாள். காலுக்கு டாக்டரிடம் அவளே கூட்டிக்கொண்டு போனாள், ஆட்டோவில். மஞ்சள் வண்டியின் முகப்பைத் தட்டிச் சரிசெய்து கொண்டுவந்து கேட்டுக்குள் நிறுத்தி, துணி போட்டு மூடிவிட்டார்கள். அவள் மறுபடி ரயிலில் போக ஆரம்பித்தாள்.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. வண்டி நின்றுவிட்டது. அந்த நிம்மதி எனக்கு ஒரு நாள் இருந்ததா, அரை நாள் இருந்ததா என்று தெரியவில்லை. அவள் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். மாஸ்டர் வந்து, “எல்லாருக்கும் நடக்கறதுதான் மேடம், வாங்க ஒரு ரவுண்டு போலாம்” என்று கூப்பிட்டார். “எனக்கு வராது மாஸ்டர். மனுசன கொன்னிருப்பேன்” என்று உள்ளே போய்விட்டாள். ஒரு சாயங்காலம் பால் காய்ச்சும்போது அடுப்பைத் திருகிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எந்தப் பக்கம் திருகினேன்னு சந்தேகமா இருக்கும்மா” என்றாள். எட்டு வயதில் டீச்சர்கள் அறைக் கதவைத் தட்டியவள் அவள்.

பாட்டில் என் டிரங்குப் பெட்டியில், புடவைக்கு அடியில் இருந்தது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அதே சின்னச் சாமியார். வலைக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாது என்பதால் எனக்கு அங்கே மட்டும் கொஞ்சம் பேச்சு வரும். பாட்டில் வைத்ததையும் எடுத்து ஒளித்ததையும் சொன்னேன். சொல்லிவிட்டு, ‘உடனே போய் மகளிடம் சொல்’ என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னால் நான் மகளிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. அவர், “வேணும்னு செய்யலியே. பயப்படாதீங்க. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க” என்று மன்னிப்புக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். பெஞ்சில் முழங்காலிட்டு மூன்றையும் சொன்னேன், இன்னொரு தடவையும் சொன்னேன். பாவம் போய்விட்டது என்று நம்புகிறேன். ஆனால் வீட்டுக்கு வந்தபோது மகள் பால்கனியில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “நாளைக்குக் காலைல வந்து பாருங்க. ஆமா, விக்கிறதுதான்.”

சனிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். வாங்குகிறவர் முப்பது வயதுக்காரர், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கூட அவருடைய நண்பர். துணியை எடுத்தார்கள். நான் காபி கொண்டுபோய், கொடுக்கத் தெரியாமல் தட்டோடு நின்றேன்.

“வாங்கி ஒரு மாசம்கூட ஆகல, ஏன் மேடம் விக்கிறீங்க?”

“எனக்கு ஓட்ட வரல.”

நண்பர் சிரித்தார். “மச்சி, இதெல்லாம் நமக்கே தண்ணி காட்டும். மேடத்துக்கு ஒரு ஸ்கூட்டி போதும். பின்னாடி அம்மாவ உக்கார வெச்சிகினு, ஜாலியா கோயிலுக்குப் போய்கினு வரலாம்.”

அவளும் சிரித்தாள். ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். அவள் தலையை ஆட்டியது என்னைப் போலவே இருந்தது.

“அவளுக்கு ஓட்ட வரும்” என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். யாரும் “என்ன ஆயாம்மா” என்று கேட்காமல் நானாகப் பேசியது எனக்கே காதில் வித்தியாசமாகக் கேட்டது.

“அவ கால் தானா மாறல. மொதல்ல பிரேக்கத்தான் அழுத்தினா. அடியில நான் தீர்த்த பாட்டில் வெச்சிருந்தேன். அது உருண்டு வந்து மாட்டிக்கிச்சு, பிரேக் எறங்காமத்தான் கால் பக்கத்துல வழுக்கிடுச்சு. நான்தான் எடுத்து ஒளிச்சிட்டேன்.”

கறுப்புக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். மகள் என் கையிலிருந்து தட்டை வாங்கி மதில் மேல் வைத்தாள். “ஒரு நிமிஷம் இருங்க சார்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஏறினேன். பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதை எடுத்து, ஒடுங்கிய இடத்தை விரலால் தடவினாள்.

“எத்தன நாளாச்சு?”

“ஆறு.”

“ஆறு நாளும் பாத்துகிட்டேதான் இருந்த.”

“ஆமா.”

“அடுப்பத் திருகவே பயந்தேனே, அப்பவும் நீ பக்கத்துலதான நின்ன.”

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். கீழே அந்த நண்பர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார்.

“பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா.”

“சொன்னா நீ கேட்டிருப்பியா?”

“கேட்டிருக்க மாட்டேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா நீ இன்னா நெனைக்கறன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல. உனக்காக நான் எல்லார்கிட்டயும் பேசறேன். என்கிட்டயாவது நீ பேசணும்ல.”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் சொன்னதை, சைக்கிள் பிள்ளைகளை, வேளாங்கண்ணிக் கூட்டத்தை, ராத்திரி காதில் கேட்கும் உறுமலை. வாக்கியம் முடியாமல், முன்னும் பின்னுமாகச் சொன்னேன். ‘நீ செத்துடுவியோன்னு பயமா இருக்கு’ என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூடப் பழகிடும் என்று சொல்லவில்லை.

பிறகு கீழே போய் அந்த இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு வந்தாள். மாஸ்டருக்குப் போன் செய்தாள். ஆறு மாதம் அவருடைய சின்ன வண்டியில்தான் ஓட்டுவது, அதுவரைக்கும் மஞ்சள் வண்டியை ஞாயிறு விடியற்காலையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் எடுப்பது என்று அவளாகவே முடிவு செய்தாள். என்னோடு மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. அது நியாயம்தான்.

அந்த ஆறு மாதமும் முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர் இல்லாமல், அடையாறில் என் தங்கை வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கிளம்பும் முன்னால் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கொஞ்சம் சிரித்தாள்.

திரு.வி.க. பாலத்தின் மேல் ஏறியபோது வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு விளக்குக் கம்பம் தாண்டும் வரை யோசித்தேன்.

“பயமா இருக்கும்மா” என்றேன்.

“எனக்கும்தான்” என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “இப்பப் பேசாத, பஸ் வருது.”